அம்மிச்சி வீட்டுக்குப் போகலாமா?

சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை இருக்கிறது. இது கேரளத்தின் கிழக்கு எல்லை. கோபாலபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம் என்று பல வழிகளில் தமிழ்நாட்டுக்குப் போகலாம். இந்தப் பக்கத்து மக்கள் பலர் தமிழ் பேசுகிறவர்கள். பெண் கொடுப்பதும் எடுப்பதும் பொள்ளாச்சிப் பக்கம்தான். பண்டிகை வந்தால் எல்லை தாண்டிப் போவார்கள், வருவார்கள்.

இப்போது ஒரு கதை படிப்போம். வள்ளியம்மாளும் அவள் குடும்பமும் கற்பனை. கதையில் வரும் காலம் உண்மை.

வள்ளியம்மாள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். அவள் பிறந்த ஊர் பொள்ளாச்சிக்கு அப்பால் இருக்கிறது. அங்கே அவள் அம்மா இருக்கிறார். வள்ளியின் மகளுக்கு அவர் அம்மிச்சி.

2020 மார்ச்சில் கொரோனாவால் ஊரடங்கு வந்தது. எல்லை தாண்டும் பேருந்துகள் நின்றன. 2021 பொங்கலுக்கு வள்ளி பிறந்த வீடு போகவில்லை. 2021 டிசம்பர் 1ஆம் தேதி தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே பேருந்துகள் மறுபடி ஓடின. வள்ளிக்கு ஒரே மகிழ்ச்சி. 2022 பொங்கலுக்குக் கட்டாயம் போவது என்று முடிவு செய்தாள். அம்மாவுக்கு ஒரு சேலை எடுத்தாள். மகளுக்குப் பாவாடை தைத்தாள்.

அவள் கணவன் ராசு திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறான். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை இரவு, வீடு வந்தான். வந்ததும் படுத்துவிட்டான்.

"ஏனுங்க, ஒடம்பு காயுதே?" என்றாள் வள்ளி.

"ஒண்ணுமில்ல வள்ளி. பனியில வந்தது. தொண்டை கரகரங்குது."

"ஒரு மாத்திரை போட்டுக்குங்க. காலையில சரியாயிடும். நாளைக்குச் சாயங்காலம் பஸ் ஏறணும்."

ராசு மாத்திரை போட்டான். காலையில் காய்ச்சல் இல்லை. தொண்டை வலி மட்டும் இருந்தது. வள்ளி பையில் துணி எடுத்து வைத்தாள்.

அப்போது ஆஷா பணியாளர் தெருவில் வந்தார். வீடு வீடாக விசாரித்துக்கொண்டு வந்தார்.

"அக்கா, ஊருக்குங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. எங்கம்மாவப் பார்த்து ரொம்ப நாளாச்சு."

உள்ளே ராசு இருமினான். ஆஷா பணியாளர் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணனுக்கு என்னங்க?"

"ராத்திரி லேசா காய்ச்சல். மாத்திரை போட்டாரு. இப்ப இல்லைங்க."

"மாத்திரை காய்ச்சலைக் குறைக்கும் அக்கா. கிருமியைக் கொல்லாது. அம்மாவுக்கு எத்தனை வயசுங்க?"

"எழுபத்து மூணு."

"சர்க்கரை இருக்குதுங்களா?"

"இருக்குது. பத்து வருசமா மாத்திரை சாப்பிடறாங்க."

"கொரோனா ஊசி ரெண்டும் போட்டாச்சுங்களா?"

வள்ளி சற்றுத் தயங்கினாள். "ஒண்ணுதான் போட்டாங்க. அன்னிக்கு ராத்திரி காய்ச்சல் வந்துருச்சு. பயந்துட்டு ரெண்டாவதுக்குப் போகல."

"அண்ணனுக்கு வெறும் சளியாவும் இருக்கலாம். கொரோனாவாவும் இருக்கலாம். பார்த்தாத் தெரியாது. சுகாதார நிலையத்துல பரிசோதனை பண்ணிட்டு அப்புறம் பஸ் ஏறுங்க. இல்லைன்னு வந்தாலும், காய்ச்சலும் இருமலும் நிக்கற வரைக்கும் பெரியவங்க பக்கத்துல போக வேண்டாம்."

வள்ளிக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நாள் காத்திருந்தது இதற்குத்தானா? ஆனால் 73 வயதும் சர்க்கரையும் ஒரே ஊசியும் அவள் மனதில் நின்றன. ராசுவைக் கூட்டிக்கொண்டு போனாள்.

மூக்கில் சளி எடுத்துப் பார்த்தார்கள். கொரோனா இருந்தது.

மாலை வள்ளி அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"அம்மா, பொங்கலுக்கு வரலைம்மா."

"போன வருசமும் வரல. இப்பவும் வரலையா? புள்ளைக்குன்னு கரும்பு வாங்கி வெச்சிருக்குது."

"அவருக்குக் கொரோனாம்மா."

அந்தப் பக்கம் சிறிது நேரம் பேச்சில்லை.

"மாப்பிள்ளைக்கு எப்படி இருக்குது? சோறு திங்கறாரா?"

"திங்கறாரும்மா. மூச்சு நல்லா இருக்குது."

"நீயும் புள்ளையும் மட்டுமாவது வரலாமில்ல?"

"நாங்க ஒரே வீட்டுல இருக்கறோம். எங்களுக்கும் வந்திருக்கலாம்மா. இன்னும் வெளியில தெரியாம இருக்கலாம்."

அம்மா சரி என்று சொல்லவில்லை. போனை வைத்துவிட்டார். அடுத்த இரண்டு நாளும் வள்ளி கூப்பிட்டபோது, "நல்லா இருக்கறேன்" என்று மட்டும் சொன்னார். பட்டிப்பொங்கல் அன்று வள்ளி அடுப்படியில் தனியாக உட்கார்ந்து அழுதாள்.

சனிக்கிழமை இரவு மகளுக்குக் காய்ச்சல் வந்தது. பொங்கலுக்கு மறுநாள். ஊருக்குப் போயிருந்தால் அந்த இரவு அவள் அம்மிச்சியின் மடியில் தூங்கியிருப்பாள்.

ராசு ஏழு நாள் தனி அறையில் இருந்தான். அந்த நாட்களுக்குக் கூலி இல்லை. பக்கத்து வீட்டார் பாலும் காய்கறியும் வாங்கி வாசலில் வைத்தார்கள். மகளுக்கும் மூன்று நாளில் காய்ச்சல் விட்டது. எல்லோரும் தேறினார்கள்.

பிறகு வள்ளி மறுபடி போன் செய்தாள். "அம்மா, நீங்க ரெண்டாவது ஊசி போட்டுக்குங்க. நாங்க வர்றோம்" என்றாள். அண்ணன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் ஊசி போட்டான்.

மாசி மாதம் மூவரும் போனார்கள். அம்மா வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். சுவரில் கரும்பு சாய்த்து வைத்திருந்தது. அது காய்ந்துபோயிருந்தது. பேத்தி அதையும் விடாமல் கடித்தாள். அம்மிச்சி பார்த்துச் சிரித்தார்.

நோய் எப்படி ஊர் விட்டு ஊர் போகிறது?

கொரோனா மூச்சுக் காற்றில் பரவும் நோய். நோய் உள்ளவர் பேசும்போது, இருமும்போது, தும்மும்போது, பாடும்போது சிறு துளிகள் வெளியே வருகின்றன. சில துளிகள் கீழே விழும். மிக நுண்ணிய துளிகள் காற்றில் மிதக்கும். மூடிய அறையில் அவை நீண்ட நேரம் நிற்கும். பக்கத்தில் இருப்பவர் அவற்றைச் சுவாசித்தால் நோய் தொற்றும்.

இந்தக் கிருமிக்குக் கால் இல்லை, சிறகும் இல்லை. மனிதர்தான் அதை ஊர் விட்டு ஊர் கொண்டுபோகிறார். 1918ஆம் ஆண்டு ஒரு விஷக் காய்ச்சல் உலகம் முழுவதும் பரவியது. கப்பலில் அது பம்பாய்க்கு வந்தது. ரயிலில் உள்நாட்டுக்குப் போனது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கொரோனா தொற்றியவுடன் காய்ச்சல் வராது. சில நாட்கள் ஆகும். 14 நாள் வரைகூட ஆகலாம். காய்ச்சல் வருவதற்கு ஓரிரு நாள் முன்பே அவரிடமிருந்து மற்றவருக்குப் பரவலாம். சிலருக்குக் காய்ச்சலே வராது. அவர்களிடமிருந்தும் பரவும். அதனால் "நான் நன்றாகத்தானே இருக்கிறேன்" என்ற எண்ணம் மட்டும் போதாது.

நடந்த நிகழ்ச்சிகள்

இந்தியாவில் முதல் கொரோனா நோயாளி 2020 ஜனவரி 30ஆம் தேதி திருச்சூரில் கண்டறியப்பட்டார். சீனாவில் வூகான் நகரில் படித்த மாணவி அவர். ஊர் திரும்பியிருந்தார். குணமடைந்தார்.

2020 பிப்ரவரி கடைசியில் இத்தாலியிலிருந்து ஒரு குடும்பம் பத்தனம்திட்டா மாவட்டத்தில் உள்ள சொந்த ஊருக்கு வந்தது. மார்ச் 8ஆம் தேதி அவர்களுக்கு நோய் இருப்பது தெரிந்தது. வீட்டில் இருந்த முதியவர்களுக்கும் தொற்றியது. பெரியவருக்கு 93 வயது. அவர் மனைவிக்கு 88 வயது. கோட்டயம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருவரும் பல நாள் சிகிச்சை பெற்றார்கள். அவர்களைக் கவனித்த ஒரு செவிலியருக்கும் நோய் வந்தது. மூவரும் குணமடைந்தார்கள். அந்த வயதில் எல்லோரும் அப்படிப் பிழைப்பதில்லை.

இடுக்கி மாவட்டத்தில் மூணாறு இருக்கிறது. சுற்றிப் பார்க்கப் பலர் வரும் ஊர். 2020 மார்ச்சில் பிரிட்டனிலிருந்து 19 பேர் கொண்ட குழு வந்தது. அதில் ஒருவருக்கு உடல்நிலை சரியில்லை. அவரைத் தங்கும் இடத்திலேயே கண்காணிப்பில் வைத்தார்கள். பரிசோதனை முடிவு வருவதற்குள் குழு கிளம்பிவிட்டது. மார்ச் 15ஆம் தேதி கொச்சி விமான நிலையத்தில் விமானமே ஏறிவிட்டார்கள். அதற்குள் நோய் இருப்பது தெரிந்தது. குழுவை இறக்கினார்கள். மற்றப் பயணிகளையும் இறக்கினார்கள். அந்த நோயாளி களமசேரியில் சிகிச்சை பெற்றுக் குணமடைந்தார்.

2020ஆம் ஆண்டு திருவோணம் ஆகஸ்ட் 31ஆம் தேதி வந்தது. அன்று கேரளத்தில் புதிதாக நோய் கண்டவர்கள் 2,000 பேருக்கும் குறைவு. அக்டோபர் 7ஆம் தேதி ஒரே நாளில் 10,000 பேருக்கு மேல். 2021ஆம் ஆண்டு திருவோணம் ஆகஸ்ட் 21ஆம் தேதி. நான்கு நாள் கழித்து, 25ஆம் தேதி, ஒரே நாளில் 31,000 பேருக்கு மேல். இதற்கு ஓணம் மட்டும் காரணம் அல்ல. ஓண நாட்களில் பரிசோதனை குறைவாக நடக்கும். பிறகு கூடும். நோய் அதற்கு முன்பும் பரவிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் கடைவீதிக் கூட்டமும் விருந்தும் பயணமும் நோய்க்கு வழி திறந்துவிடுகின்றன.

வள்ளி கதை நடக்கும் 2022 ஜனவரியில் ஓமிக்ரான் என்ற புது வகைக் கொரோனா வேகமாகப் பரவியது. கேரளத்தில் ஜனவரி கடைசியில் ஒரே நாளில் 50,000 பேருக்கு மேல் நோய் கண்டது. தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் கோயில்களில் பக்தர்களை அனுமதிக்கவில்லை. பழனிக்கு நடந்து போகும் பலர் அந்தத் தைப்பூசத்தில் முருகனை நேரில் பார்க்க முடியவில்லை.

பேருந்தைவிட விருந்து வீட்டில் கவனம்

பேருந்தில் நாம் எச்சரிக்கையாக இருக்கிறோம். பக்கத்தில் இருப்பவர் யாரோ எவரோ. அதனால் முகக்கவசம் போடுகிறோம். சொந்தக்காரர் வீட்டில் நுழைந்ததும் அதைக் கழற்றுகிறோம். கட்டிப்பிடிக்கிறோம். ஒரே அறையில் பத்துப் பேர் படுக்கிறோம். சன்னலைச் சாத்துகிறோம். பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசுகிறோம். நோய்க்கு இது போதும். அன்னியருக்கு ஒரு முறையும் உறவுக்காரருக்கு ஒரு முறையும் அதற்குத் தெரியாது.

அதனால் தொற்றுநோய்க் காலத்தில் பயணத்தின் முதல் பாதுகாப்பு வீட்டிலேயே தொடங்குகிறது. கிளம்பும் முன் எடுக்கும் முடிவுதான் அது.

கிளம்பும் முன்

1. வீட்டில் யாருக்காவது காய்ச்சல், இருமல், தொண்டை வலி, உடல் வலி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.
2. மாத்திரை போட்டுக் காய்ச்சலை மறைத்துக்கொண்டு போகாதீர்கள்.
3. போகும் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? 60 வயது கடந்தவர், சர்க்கரை, இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர், கர்ப்பிணி ஆகியோருக்கு நோய் கடுமையாகலாம். அங்கே யாருக்காவது உடல்நிலை சரியில்லையா என்றும் கேளுங்கள்.
4. சுகாதாரத் துறை சொல்லும் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஊசி போட்டவருக்கும் நோய் வரலாம். ஆனால் உயிருக்கு ஆபத்து பெரிதும் குறையும்.
5. எல்லையில் என்ன சான்று கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள். 2021 ஆகஸ்டில் கேரளத்திலிருந்து தமிழ்நாடு போனவர்களிடம் பரிசோதனைச் சான்று அல்லது இரண்டு ஊசி போட்ட சான்று கேட்டார்கள். தெரியாமல் போனவர்கள் சோதனைச் சாவடியில் தவித்தார்கள்.
6. தினமும் சாப்பிடும் மாத்திரைகளை இரண்டு மூன்று நாளுக்குக் கூடுதலாக எடுத்து வையுங்கள்.

வழியில்

1. கூட்டம் குறைந்த நேரத்துப் பேருந்தில் போங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள்.
2. முகக்கவசம் மூக்கையும் வாயையும் மூட வேண்டும். தாடையில் தொங்கினால் பயன் இல்லை. பேசும்போது கழற்றக் கூடாது.
3. சாப்பிடும் முன் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள்.
4. சாப்பாடும் தண்ணீரும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். இறங்கி, காற்றாடும் இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

விருந்து வீட்டில்

1. திண்ணை, வாசல், மரத்தடி நல்ல இடங்கள். அங்கே உட்கார்ந்து பேசுங்கள்.
2. வீட்டுக்குள் இருந்தால் கதவு சன்னல்களைத் திறந்து வையுங்கள்.
3. வயதானவர் படுக்கும் அறையில் வந்தவர்கள் எல்லோரும் படுக்க வேண்டாம்.
4. உடம்பு சரியில்லை என்று தோன்றினால் உடனே சொல்லுங்கள். தனியாக இருங்கள். சொல்வதில் வெட்கம் இல்லை. நோய் வந்தவரைக் குற்றவாளிபோல் பார்ப்பதும் தவறு. அப்படிப் பார்த்தால் அடுத்தவர் மறைப்பார்.

திரும்பிய பின்

சில நாள் உடல்நிலையைக் கவனியுங்கள். காய்ச்சல் வந்தால் பரிசோதனை செய்யுங்கள். போய் வந்த வீட்டுக்கும் சொல்லுங்கள்.

மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, மனக் குழப்பம், எழுப்பினால் எழாத மயக்கம், உதடு நீலமாதல் ஆகியவை ஆபத்தான அறிகுறிகள். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆம்புலன்சுக்கு 108. கேரளத்தில் சுகாதார ஆலோசனைக்கு 1056. தமிழ்நாட்டில் 104.

இப்போதும் இது தேவையா?

2023 மே 5ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் கொரோனா நெருக்கடி நிலை முடிந்தது என்று அறிவித்தது. ஆனால் கிருமி முழுவதும் அழியவில்லை. மூச்சுக் காற்றில் பரவும் வேறு காய்ச்சல்களும் உண்டு. நாளை புதிய நோயும் வரலாம். எந்தக் காய்ச்சலானாலும் வயதானவர் வீட்டுக்கு அதைக் கொண்டுபோகாமல் இருப்பது நல்ல பழக்கம்.

பண்டிகை அடுத்த ஆண்டும் வரும். கரும்பு அடுத்த தையிலும் விளையும். "உடம்பு சரியில்லை, பிறகு வருகிறேன்" என்று சொல்வதும் பாசம்தான். அப்படிச் சொன்னவரிடம் கோபித்துக்கொள்ளாமல் இருப்பதும் பாசம்தான்.

எழுதுவோம்

ஒரு சிறு தாளில் இவற்றை எழுதுங்கள். பயணம் போகும்போது பையில் வையுங்கள்.

உங்கள் பெயர், ஊர்
வீட்டில் உள்ள ஒருவரின் போன் எண்
உங்களுக்கு உள்ள நோய்
தினமும் சாப்பிடும் மாத்திரையின் பெயர் (மாத்திரை அட்டையைப் பார்த்து எழுதுங்கள்)
108, 1056, 104

புதிய சொற்கள்

தொற்றுநோய்: ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும் நோய்
அறிகுறி: நோய் இருப்பதைக் காட்டும் அடையாளம்
பரிசோதனை: நோய் உண்டா இல்லையா என்று சோதித்துப் பார்ப்பது
சான்று: உண்மை என்று காட்டும் தாள்

சேர்ந்து பேசுவோம்

1. காலையில் ராசுவுக்குக் காய்ச்சல் இல்லை. அப்படியிருந்தும் ஆஷா பணியாளர் ஏன் பரிசோதனை செய்யச் சொன்னார்?
2. வள்ளியும் மகளும் மட்டும் போயிருந்தால் என்ன நடந்திருக்கலாம்?
3. வள்ளியின் அம்மா கோபித்துக்கொண்டது சரியா? நீங்கள் அவர் இடத்தில் இருந்தால் என்ன சொல்வீர்கள்?
4. ஏழு நாள் கூலி இல்லாமல் வீட்டில் இருப்பவருக்கு அக்கம்பக்கத்தார் என்ன உதவி செய்யலாம்?
5. 2020, 2021 ஆண்டுகளில் உங்கள் ஊரில் எந்தப் பண்டிகை நின்றது? யார் யாரைப் பார்க்க முடியவில்லை? ஐந்து வரிகள் எழுதுங்கள்.